பதிவேடு கேட்கும் பெயர்: பயணமும் கைப்பேசியும் நம் தனியுரிமையும்

1917ஆம் ஆண்டு, பரோடா. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் சமஸ்தானப் பணியில் சேர அந்நகருக்கு வந்திறங்கினார். இந்து விடுதிகளில் அவருக்கு இடமில்லை. பார்சி விடுதி ஒன்று இருந்தது. ஆனால் அங்கே பார்சிகள் மட்டுமே தங்கலாம். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டால் போதும் என்று விடுதிப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். அந்தப் பெயரில் அம்பேத்கர் தங்கினார். பதினோராம் நாள் காலையில், கம்புகளுடன் வந்த பார்சிகள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு ‘நீ யார்’ என்று கேட்டனர். அன்று மாலைக்குள் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்புகளில் பெரும்பகுதி பயண அனுபவங்களே என்பது தற்செயலானதன்று. சொந்த ஊரில் சாதி எல்லோருக்கும் தெரியும். அங்கே அது கேள்வியாக எழுவதில்லை. வழியில்தான் அது கேள்வியாகிறது.

நூறாண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பதிவேடு மூடப்படவில்லை. அது விடுதி மேசையிலிருந்து நம் சட்டைப்பைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. பயணத்தில் கைப்பேசியைப் பாதுகாப்பது பற்றி எழுதப்படுபவற்றுள் பெரும்பாலானவை விமானத்தில் பறக்கும் வணிகரை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரிலிருந்து விடியற்காலையில் சென்னை சென்ட்ரலுக்கு மின்தொடர் வண்டி ஏறும் கல்லூரி மாணவருக்கும், காக்களூர் தொழிற்பேட்டைக்கும் திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கும் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளிக்கும், வன்கொடுமை நடந்த கிராமத்துக்கு உண்மையறியப் புறப்படும் செயல்பாட்டாளருக்கும் அந்த அறிவுரைகள் பாதியளவே பயன்படும். நாம் யாரிடமிருந்து எதைக் காக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சாதியை விலக்கிவைத்து விடை காண இயலாது.

‘காலனி’ என்ற ஒரு சொல்

விடுதியில் அறை கேட்டால் ஆதார் நகல் கேட்கிறார்கள். வேறு ஊரில் வாடகை வீடு பார்க்கச் சென்றாலும் அதுவே. ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டும் ‘மறைக்கப்பட்ட ஆதார்’ என்ற வடிவத்தை ஆதார் ஆணையமே வழங்குகிறது. 2022 மே மாதத்தில் அவ்வாணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம், மறைக்கப்பட்ட வடிவத்தைக் கொடுங்கள் என்று அறிவித்தது. இரண்டே நாட்களில் அவ்வறிவிப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்று கூறித் திரும்பப் பெறப்பட்டது. மக்களை எச்சரிக்கவும் அரசுக்குத் தயக்கம் இருந்தது.

ஆயினும் நமக்கு வேறொரு சிக்கல் உண்டு. எண்ணை மறைத்தாலும் முகவரி மறைவதில்லை. ‘ஆதிதிராவிடர் காலனி’ என்றோ வெறும் ‘காலனி’ என்றோ முகவரியில் இருந்தால் போதும். எண் தேவையில்லை, சாதி தெரிந்துவிடும். விடுதி வரவேற்பாளரோ வீட்டு உரிமையாளரோ அந்த ஒற்றைச் சொல்லைப் படித்த பிறகு அறை திடீரென ‘காலியில்லை’ ஆவதை நம்மில் பலர் அறிவோம். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு அது. ஆனால் ஏற்கெனவே அச்சிடப்பட்டு, நகலெடுக்கப்பட்டு, எத்தனையோ அலமாரிகளிலும் வாட்ஸ்அப் உரையாடல்களிலும் கிடக்கும் ஆவணங்களிலிருந்து அச்சொல்லை எந்த அரசாணையாலும் அழிக்க முடியாது.

எனவே எந்த இடத்தில் எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது நமக்கு வெறும் வசதி பற்றிய கேள்வியன்று. ரயிலில் முன்பதிவுப் பயணத்தின்போது ஆதாரைத்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை. முகவரியே இல்லாத பான் அட்டையும், அங்கீகாரம் பெற்ற கல்லூரி வழங்கிய புகைப்பட அடையாள அட்டையும் ரயில்வே ஏற்கும் ஆவணங்களே. 2025 ஜூலை 1 முதல் ஐ.ஆர்.சி.டி.சி. வழியாகத் தட்கல் பயணச்சீட்டு எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அது சீட்டு எடுக்கும் கணக்குக்கு உரிய விதி. ஓடும் வண்டியில் பரிசோதகரிடம் காட்டும் அட்டை வேறாக இருக்கலாம்.

சாலையில் நிறுத்தப்படும்போது

2021 அக்டோபரில் ஹைதராபாத் சாலைகளில் காவலர்கள் இருசக்கர வாகனங்களை நிறுத்தி, இளைஞர்களின் கைப்பேசியை வாங்கி, வாட்ஸ்அப் தேடலில் ‘கஞ்சா’ என்று தட்டிப் பார்த்த காட்சிகள் வெளியாயின. அதே ஆண்டு மே மாதத்தில் அதே நகரில் சமூகச் செயல்பாட்டாளர் எஸ்.கியூ. மசூதைத் தெருவில் நிறுத்திய காவலர்கள், அவர் மறுத்தும் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படமெடுத்தனர். முகமறிதல் தொழில்நுட்பத்தை எதிர்த்து அவர் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். தமிழ்நாட்டிலும் வாகனச் சோதனையின்போது முகத்தைப் படமெடுத்துக் குற்றவாளிகள் பட்டியலுடன் ஒப்பிடும் மென்பொருள் சில ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. அந்தத் தளத்துக்குள் 2024 மே மாதத்தில் வெளியார் ஊடுருவினர். நம் முகத்தைச் சேமித்தவர்களால் தங்கள் கதவைக்கூடப் பூட்டி வைக்க இயலவில்லை.

எளாவூர் சோதனைச்சாவடியிலோ நள்ளிரவு ஷிப்டு முடிந்து திரும்பும் வழியிலோ ‘போனைத் திற’ என்று சொல்லப்பட்டால் சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு, மின்னணுச் சான்று இருக்கக்கூடிய கருவிகளை ஒப்படைக்குமாறு கேட்கும் அதிகாரத்தை அளிக்கிறது. ஆனால் ஒரு விசாரணை இருக்க வேண்டும். எழுத்துமூல ஆணை இருக்க வேண்டும். 185ஆம் பிரிவின்படி முன்ஆணையின்றிச் சோதனையிட வேண்டுமானால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதிவைக்க வேண்டும். 105ஆம் பிரிவின்படி சோதனையும் கைப்பற்றுதலும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப்பட்டு, தாமதமின்றி நீதித்துறை நடுவருக்கு அனுப்பப்பட வேண்டும். வழியில் போகிற எவருடைய உரையாடல்களையும் மேய்ந்து பார்க்கும் பொது அதிகாரம் இவற்றுள் எதிலும் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். 2025 ஜூலை மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றமும், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இன்றி ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அவ்வுரிமையை மீறுவதே என்று கூறியது.

குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் தருமாறு கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அரசமைப்பின் 20(3) உறுப்பு, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கடவுச்சொல் தருவது சாட்சியம் ஆகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் கூறியது. தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று டெல்லியின் சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022இல் கூறியது.

இவையனைத்தும் ஏட்டில் உள்ள சட்டம். இரவு பதினொரு மணிக்குத் தனியாக நிறுத்தப்படும் தலித் இளைஞன் பிரிவு எண்களைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் நாம் அறிவோம். ஆகவே, சாலையில் நின்று வாதாடி அடி வாங்குங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. எந்த வழக்குக்காக என்று பணிவாகக் கேளுங்கள். காவலரின் பெயரையும் நிலையத்தையும் நேரத்தையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டால் கைப்பற்றுதல் பட்டியலின் நகலைக் கேளுங்கள். வெளியே வந்ததும் அனைத்தையும் எழுதிவைத்து வழக்கறிஞரிடம் சேருங்கள். அந்தக் குறிப்பே பின்னர் நீதிமன்றத்தில் பேசும்.

கைப்பற்றிய கருவிக்கு நேர்ந்தவை

‘என்னிடம் மறைக்க எதுவுமில்லை’ என்று கூறும் தோழர்கள் பீமா கொரேகான் வழக்கை நினைவில் கொள்ள வேண்டும். 2018 ஏப்ரலில் கைப்பற்றப்பட்ட ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், நெட்வயர் என்னும் தீநிரல் வழியாக ஏறத்தாழ 22 மாதங்கள் அக்கணினி பிறர் கட்டுப்பாட்டில் இருந்ததாகவும், வழக்கின் முக்கிய ‘கடிதங்கள்’ வெளியிலிருந்து அதனுள் வைக்கப்பட்டவை என்றும் 2021 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த அருள்தந்தை ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் அவ்வாறே நடந்தது என்று அதே நிறுவனம் 2022 டிசம்பரில் கூறியது. கணினி கைப்பற்றப்பட்டது 2019 ஜூன் 12. அதற்கு முந்தைய நாளே ஊடுருவியவர்கள் தங்கள் தடயங்களைத் துடைத்திருந்தனர் என்கிறது அவ்வறிக்கை. 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலே அவர் மறைந்தார்.

இங்கே நாம் கற்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: ஹாஷ் மதிப்பு. ஒரு கோப்பின் அல்லது கருவியின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் நீண்ட எண்-எழுத்துச் சரம் அது. உள்ளே ஓரெழுத்து மாறினாலும் அச்சரம் மாறிவிடும். கைப்பற்றும் இடத்திலேயே அதைக் குறித்துக்கொண்டால், பின்னர் எவரும் எதையும் சேர்க்கவில்லை என்பதற்கு அது சான்றாகும். பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி அளிக்கும் சான்றிதழிலும் இதற்கு இடமுண்டு. கருவியை எடுத்துச் செல்பவரிடம் ‘ஹாஷ் மதிப்பைக் குறித்துத் தாருங்கள்’ என்று கேட்க நம் மாணவர் ஒவ்வொருவரும் பழக வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலையும் மறக்க இயலாது. தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் 2022 டிசம்பரில் மலம் கலக்கப்பட்ட வழக்கில், 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை அவ்வூர் தலித் இளைஞர்கள் மூவரையே குற்றவாளிகளாக்கியது. கைப்பேசிகளிலிருந்து மீட்கப்பட்ட படங்களும் உரையாடல்களும் சான்றாகக் காட்டப்பட்டன. வழக்கு விசாரணை தொடங்கும் முன்பே அத்தகைய படங்களும் ஒலிப்பதிவுகளும் சமூக ஊடகங்களில் உலவின. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் நீதிமன்றத்துக்கு மட்டும் சேர வேண்டிய பொருள் தெருவுக்கு எப்படி வந்தது என்ற கேள்வியை நாம் விட்டுவிட முடியாது.

கைப்பேசி நம்முடையது மட்டுமன்று

உண்மையறியும் குழுவில் சென்று திரும்பும் தோழரின் கைப்பேசியில் என்ன இருக்கிறது? தாக்கப்பட்ட பெண்ணின் முகம், அவர் பேசிய பதிவு, ஆதிக்கச் சாதியினர் வீட்டில் வேலை செய்துகொண்டே ரகசியமாகத் தகவல் சொன்னவரின் எண், ஊர்க் குழுவின் உறுப்பினர் பட்டியல். அந்தக் கைப்பேசி ரயிலில் தொலைந்தாலும், சோதனையில் பறிபோனாலும், ஆபத்து தோழருக்கு மட்டுமன்று. மறுநாள் அதே ஊரில் தண்ணீர் எடுக்கச் செல்ல வேண்டிய அந்தப் பெண்ணுக்கும்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பை உரிமையாக்கியுள்ளது. அந்தப் பாதுகாப்பின் முதல் கண்ணி நம் கையில் இருக்கிறது.

சாதி மறுத்து மணம் புரிந்து ஊரை விட்டு வெளியேறும் இணையருக்கோ, கைப்பேசியே காட்டிக்கொடுக்கும் கருவி ஆகிறது. ‘பெண்ணைக் காணவில்லை’ என்ற புகார் பதிவானதும் முதலில் தேடப்படுவது கோபுர இருப்பிடம். அழைப்பு விவரங்களைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி மட்டுமே கேட்கலாம் என்பது விதி. அவ்விவரம் பெண்வீட்டாரின் கைக்குப் போகாது என்பதற்கு யார் பொறுப்பு? 2025 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, காதல் மணம் புரிந்த ஓர் இளைஞரின் தம்பி கடத்தப்பட்ட வழக்கில், கூடுதல் டி.ஜி.பி. ஒருவரின் அரசு வாகனம் பயன்படுத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், அவரைக் கைது செய்யச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கியது, விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்றது. வழக்கு எப்படி முடிந்தாலும், அரசு எந்திரம் ஒரு குடும்பத்தின் கைக்கருவியாகலாம் என்ற அச்சம் கற்பனையன்று என்பது தெளிவாகிவிட்டது. இத்தகைய இணையர் பழைய சிம்மையும் பழைய கைப்பேசியையும் இரண்டையுமே விட்டுவிட வேண்டும். சிம்மை மட்டும் மாற்றினால் கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண் அவர்களைக் காட்டிவிடும். அதோடு, 2018இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட மாவட்டச் சிறப்புப் பிரிவை வழக்கறிஞர் வழியாக நாட வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் அழைத்துச் செல்லப்பட்டதை நிறுவியதில் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவுக்குப் பெரும் பங்குண்டு. சாட்சிகள் பின்வாங்கிய வழக்கில் அப்பதிவு பின்வாங்கவில்லை. 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை. 2023 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் உறுதிப்பாடு. எனவே கேமராவே பகை என்பது நம் வாதமன்று. பதிவு யாரிடம் இருக்கிறது, யார் கேட்டால் கிடைக்கிறது, யாருக்கு எதிராகத் திரும்புகிறது என்பதே நம் கேள்வி.

புறப்படும் முன்னும் வழியிலும்

குறைவாகக் கொண்டுசெல்வதே சிறந்த பாதுகாப்பு. பயணத்துக்குத் தேவையற்ற பழைய பதிவுகளையும் ஆவணப் படங்களையும் பாதுகாப்பான வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டுக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். ஓர் எச்சரிக்கை: விசாரணை தொடங்கிய பின், சான்றாகக் கேட்கப்படக்கூடிய பதிவை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி குற்றமாகலாம். முன்கூட்டிய ஒழுக்கம் வேறு. பின்னர்ப் பதறி அழிப்பது வேறு.

ஆறு இலக்கத்துக்குக் குறையாத கடவு எண் வையுங்கள். போராட்டத்துக்கோ பதற்றமான ஊருக்கோ செல்லும்போது விரல் ரேகை, முகத் திறப்பு இரண்டையும் நிறுத்திவிடுங்கள். விரலைப் பிடித்து வைத்துத் திறக்க ஒரு நொடி போதும். கைப்பேசியை அணைத்துவிட்டால், மீண்டும் இயக்கிக் கடவு எண் இடும்வரை உள்ளிருப்பவை கூடுதல் காப்புடன் இருக்கும். பூட்டிய திரையில் செய்தியின் வரிகள் தெரியாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்; நெரிசலான மின்தொடர் வண்டியில் உங்கள் குழுவின் பெயரைப் பக்கத்து இருக்கைக்காரர் படிக்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். அறிமுகமற்ற கணினி அதில் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். மேகச் சேமிப்புக்குத் தனியாகக் குறியாக்கம் செய்யாவிட்டால், உரையாடல் பாதுகாப்பாக இருந்தும் அதன் நகல் பாதுகாப்பற்றுக் கிடக்கும்.

கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்துங்கள். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடும். ‘ஆவணமாக’ அனுப்பினால் அது அப்படியே போகும். சாட்சியின் முகப் படத்தை ஊரை விட்டு வெளியேறிய பின்பே, அதுவும் அவர் ஒப்புதலுடனே பகிருங்கள். சான்றாக வேண்டிய மூலப் பதிவைத் திருத்தாமல் வழக்கறிஞரிடம் சேர்த்துவிடுங்கள்.

மின்னேற்றத்துக்குச் சொந்த சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் செருகுங்கள். பொது வைஃபையில் முக்கியக் கணக்குகளைத் திறக்காமல் கைப்பேசியின் சொந்தத் தரவையே பயன்படுத்துங்கள். வி.பி.என். முழுக் கவசமன்று: அச்சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டுள்ளது. விமான நிலையங்களின் டிஜி யாத்ரா முகச் சரிபார்ப்பு விருப்பத்துக்கு உட்பட்டதே. வேண்டாம் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டலாம். கைப்பேசி தொலைந்தால் சிம்மை முடக்கி, காவல் நிலையத்தில் புகார் அளித்து, சி.இ.ஐ.ஆர். தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தடைசெய்யுங்கள். இரண்டு வழக்கறிஞர்களின் எண்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

தனிமனிதக் கவனம் போதாது

இவற்றையெல்லாம் செய்த பின்னும் மேலான வலிமை அரசிடம்தான் இருக்கிறது. மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி, ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் பேசிவிட்டுத் திரும்பியபோது 2018 ஆகஸ்ட் 9 அன்று பெங்களூரு விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். 2021 ஜூலையில் வெளியான பெகாசஸ் பட்டியலிலும் அவர் எண் இருந்ததாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, ஆராய்ந்த 29 கைப்பேசிகளுள் ஐந்தில் தீநிரல் இருந்ததாகவும், அது பெகாசஸ் என்று உறுதிசெய்ய இயலவில்லை என்றும், ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் கூறியது. அத்தகைய கருவிக்கு முன் எந்தக் கடவு எண்ணும் நிற்காது.

ஆகவே கோரிக்கைகளும் வேண்டும். கருவிகளைக் கைப்பற்றுவதற்கு நெறிமுறை வகுக்குமாறு 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசைக் கேட்டது. சி.பி.ஐ. கையேட்டைக் காட்டி இடைக்காலத்துக்குச் சமாளிப்பதை விடுத்து, அந்நெறிமுறை சட்டமாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 17ஆம் பிரிவின் வழியாக அரசு அமைப்புகளுக்கே விலக்களிக்க வழிசெய்கிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் சுருக்கியது. குடிமக்களை அரசு பார்க்கலாம், அரசைக் குடிமக்கள் பார்க்கக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டை எதிர்க்க வேண்டும். முகமறிதல் மென்பொருளில் யாருடைய முகங்கள் சேர்க்கப்பட்டுள்ளன, எந்தச் சட்டத்தின்படி என்பதைத் தமிழ்நாடு அரசு வெளியிட வேண்டும்.

நடக்கக்கூடியதே இது. எல்லாக் கைப்பேசிகளிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டும் என்ற ஒன்றிய அரசின் ஆணை, எழுந்த எதிர்ப்பால் 2025 டிசம்பர் தொடக்கத்தில் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது.

மணவாள நகர் போன்ற ஊர்களின் அம்பேத்கர் படிப்பு வட்டங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கலாம். ஒருவர் கைப்பேசியை மற்றவர் கையில் கொடுக்காமலே, எல்லோரும் வட்டமாக அமர்ந்து, மேலே சொன்ன அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொள்ள இரண்டு மணி நேரம் போதும். பரோடாவில் அண்ணலைச் சூழ்ந்து நின்றவர்கள் கேட்ட கேள்வி இன்றும் நம் வழிகளில் கேட்கப்படுகிறது. எப்போது, யாரிடம், எந்த அளவுக்கு விடையளிப்பது என்பதை இனி நாமே தீர்மானிப்போம்.